பச்சை

ராணிப்பேட்டை சிப்காட். மூன்றாம் மாடி. மே மாதம்.
மின்விசிறி வெயிலைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியின் கீழே சிவப்பு நெளிகோடு:
பொருந்தாத வகை.
ஆப்ஜெக்ட், ஸ்ட்ரிங் ஆகாது.

ஆப்ஜெக்ட் எங்கிருந்து வந்தது?
சீட்டுகளைக் கேட்டால்
லிஸ்ட்<ஸ்ட்ரிங்> தருவேன் என்று
மூட்டை வகுப்பில் எழுதியிருக்கிறது.
எழுதியதே நான்தான்.
விரலை வைத்து, வாய்விட்டுப் படித்தேன்,
ரேஷன் கடையில் பில்லைப் படிப்பதுபோல.
ஸ்ட்ரிங். ஸ்ட்ரிங் என்றுதான் இருக்கிறது.
கம்பைலர் மட்டும்
முகத்தைத் திருப்பிக்கொண்டு
ஆப்ஜெக்ட் என்கிறது.

தேவகிருபை எட்டிப் பார்த்து,
"காஸ்ட் போட்டுத் தள்ளுக்கா, மணியாச்சு" என்றாள்.
போடலாம்.
இது இன்னதுதான் என்று
அடித்துச் சாதிப்பதற்குப் பெயர் காஸ்ட்.
இந்த ஊரில் அந்தச் சொல்லை
நான் கொஞ்சம் மெதுவாகத்தான் உச்சரிப்பேன்.

கீழே வாசலில் ஹாரன்.
ஈரோட்டு லாரி, தார்ப்பாய்க்கு அடியிலிருந்து
உப்பும் ஊனுமாய் ஒரு வாடை.
கலீமுல்லா இறக்க விடவில்லை.
"வெள்ளாடா, செம்மறியா?"
"தோல்தாண்ணே. பச்சைத் தோல்."
"அதான், எந்தத் தோல்?"
"தோல்தான்."
"…"
"எடைச்சீட்டு இருக்கு பாருங்க. உப்பு போட்ட தேதிகூட இருக்கு."
"மூட்டைக்கே பேர் இல்ல.
அதுக்குள்ள இருக்கிற சீட்ட எப்படிப்பா நம்புறது?"

டீ கிளாஸோடு படியில் நின்றிருந்தேன்.
ஒன்றும் தோன்றவில்லை.
டீயில் ஆடை படர்ந்ததும் விரலால் எடுத்துச் சுவரில் தேய்த்தேன்.
பிறகு இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் வரி.
பெங்களூருக்குப் போய்விட்ட குணாளன் எழுதியது.
மூட்டை என்று மட்டும் அறிவித்திருக்கிறான்.
பக்கத்தில் கூரடைப்பு இல்லை.
பச்சையாக.

என்ன மூட்டை என்று சொல்லாத ஒரே பிழைக்கு
மூட்டை கொடுத்த வாக்கெல்லாம் போய்விடுகிறது.
தோலுக்கும் சீட்டுக்கும் சம்பந்தமே இல்லை,
ஆனாலும் போய்விடுகிறது.
ஒரு பேரை விட்டால் எல்லாப் பேரும்.
பழைய காலத்து நிரலோடு ஒத்துப்போக
அப்படி வைத்தார்களாம்:
பெயர் சொல்லாமல் வருகிறவனை
பெயர்களே இல்லாத காலத்து ஆளாக நடத்து.

போன ஆடியில் காட்பாடியில் வீடு பார்க்கப் போனோம்.
இரண்டு அறை, கிழக்கு வாசல், போர் தண்ணீர்.
"நீங்க…" என்று இழுத்தார் வீட்டுக்காரர்.
அந்த இழுப்பு ஒரு கூரடைப்பு.
எந்த ஊர், எந்தத் தெரு என்று
சுற்றி வந்து மறுபடி அங்கேயே நின்றார்.
மனுஷங்கதான் சார் என்றேன்.
சிரித்தார்.
சம்பளச்சீட்டு, ஆதார், அலுவலகக் கடிதம்
எல்லாம் மேசையில் கிடந்தன.
ஒன்றையும் அவர் புரட்டவில்லை.

அதனால்தானோ என்னவோ
அடைப்பைப் போட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.
உள்ளே என்ன எழுத?
வெள்ளாடா, செம்மறியா, அந்த வரிக்கு எனக்கும் தெரியாது.
கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
மூட்டை<?>

சிவப்பு போயிற்று.

உள்ளே ஏதோ ஒரு வகை இருக்கிறது,
எதுவென்று எனக்குத் தெரியாது.
இவ்வளவு சொன்னால் போதும் கம்பைலருக்கு.
சீட்டுகள் திரும்ப ஸ்ட்ரிங் ஆகிவிட்டன.
தெரியாததற்குள் புதிதாக எதையும் திணிக்க மட்டும் விடாது,
எடுத்துப் பார்க்கலாம்.
நியாயம்தான்.

இன்னும் முப்பத்தொரு எச்சரிக்கை, மஞ்சளாக.
நாளைக்கு.

பையை மாட்டிக்கொண்டு ஜன்னலில் பார்த்தேன்.
தூரத்தில் பாலாறு, மணலாக.
லாரி அங்கேயே நிற்கிறது.
அதன் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார் டிரைவர்,
போன் காதில்.
ஈரோட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது போல.